பெட்டியில் எழுதிய வேகத்தை நம்பி ஆர்சி கார் வாங்காதீர்கள்

தீபாவளி விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் நாள். இரண்டாம் படிவ மாணவன் ஒருவன் ஓய்வு நேரத்தில் அறிவியல் கூடத்திற்கு வந்து, ஒரு பிளாஸ்டிக் பையை என் மேசைமேல் வைத்தான். உள்ளே ஒரு ரிமோட் கார். அங்பாவ் பணம் முழுவதையும் போட்டு வாங்கியது. விசையை அழுத்தினால் மோட்டார் கிறீச்சென்று சுற்றுகிறது. சக்கரம் மட்டும் அசையவில்லை. திருகுகளைக் கழற்றிப் பார்த்தோம். 20 சென் நாணயத்தைவிடச் சற்றே பெரிய பிளாஸ்டிக் பற்சக்கரம் ஒன்றில் நான்கு பற்கள் மழுங்கிப் போயிருந்தன.

"டீச்சர், இந்தச் சக்கரம் மட்டும் எங்கே கிடைக்கும்?"

எங்கும் கிடைக்காது. அவன் ஏற்கெனவே விற்றவரிடம் கேட்டுவிட்டான். பாகம் தனியாக வருவதில்லை, புதிய கார் வாங்கிக்கொள் என்று பதில் வந்ததாம். ஒன்பது நாள் ஓடிய காரின் கதை அதோடு முடிந்தது. பெட்டியின்மேல் மட்டும் பெரிய எழுத்தில் மணிக்கு 45 கிலோமீட்டர் என்று மின்னிக்கொண்டிருந்தது.

மாணவர்களே, உங்களில் பலருக்கு இப்படி ஒரு கார் வாங்கும் ஆசை இருக்கும். ஆசையில் தவறில்லை. நான்காம், ஐந்தாம் படிவ இயற்பியலில் வரும் பாதிப் பாடம் அந்தச் சிறிய வண்டிக்குள் இருக்கிறது. ஆனால், சேர்த்து வைத்த பணத்தைக் கொடுப்பதற்கு முன் சிலவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்.

உதிரிப் பாகம் உண்டா?

கடையில் இருக்கும் ரிமோட் கார்கள் பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருக்கும். உண்மையில் அவை இரண்டு வகை. ஒன்று விளையாட்டுப் பொருள். உடைந்தால் குப்பைக்குத்தான் போகும். மற்றொன்று பொழுதுபோக்கு ரகம். ஒவ்வொரு பாகத்திற்கும் தனி எண் இருக்கும், தனியாக வாங்கலாம், கழற்றி மாட்டலாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது? காரின் மாதிரி எண்ணை இயங்கலை விற்பனைத் தளத்தில் தட்டுங்கள். காரை அல்ல, அதன் பற்சக்கரத்தை, முன்சக்கரக் கையை, அச்சைத் தேடுங்கள். அவை பல கடைகளில் சில ரிங்கிட்டுக்குக் கிடைத்தால் அந்தக் காரைப் பற்றி மேற்கொண்டு யோசிக்கலாம். மாதிரி எண்ணே இல்லாத காரை வாங்க வேண்டாம். எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் சரி.

இரண்டாவது சோதனை, கையில் எடுத்துச் செய்ய வேண்டியது. விசையை மெல்ல மெல்ல அழுத்துங்கள். கார் மெதுவாகத் தொடங்கி, அழுத்த அழுத்த வேகம் கூடினால் அது விகிதக் கட்டுப்பாடு. பாதி அழுத்தினாலும் முழுதாக அழுத்தினாலும் ஒரே வேகத்தில் பாய்ந்தால், உள்ளே இருப்பது வெறும் மின்விளக்குச் சுவிட்ச். திருப்புவதும் அப்படியே. கொஞ்சம் திருப்பினால் கொஞ்சமாகத் திரும்ப வேண்டும். விகிதக் கட்டுப்பாடு இல்லாத காரில் நீங்கள் ஓட்டக் கற்றுக்கொள்ள முடியாது, மோதக் கற்றுக்கொள்ளலாம்.

குறைந்த விலைப் பொழுதுபோக்கு ரகத்திற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு டபிள்யூஎல்டாய்ஸ் 144001. உண்மைக் காரில் 14இல் ஒரு பங்கு அளவு, நான்கு சக்கர இயக்கம், 550 வகை மோட்டார், 7.4 வோல்ட் 1500 மில்லி ஆம்பியர்-மணி மின்கலம். பெட்டியைத் திறந்து மின்கலத்தை மின்னேற்றினால் போதும், ஓட்டலாம். இன்னொரு பாதையும் உண்டு. ஜப்பானிய டாமியா நிறுவனம் 2013இல் வெளியிட்ட டிடி-02 போன்ற தொகுப்புகளை நீங்களே பாகம் பாகமாகப் பொருத்த வேண்டும். ரேடியோவும் மின்கலமும் பெரும்பாலும் தனியாக வாங்க வேண்டியிருப்பதால் மொத்தச் செலவு கூடும். ஆனால் ஒருமுறை கையால் பொருத்தியவனுக்கு எந்தத் திருகு எங்கே இருக்கிறது என்று இருட்டிலும் தெரியும். பொறுமை உள்ளவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். பொறுமை இல்லாதவர்கள் முதல் வகையை வாங்குங்கள். பொறுமை தானாக வரும்.

பழைய காரை வாங்குவதும் நல்ல வழிதான். சக்கரங்களைக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரவென்று சத்தம் வந்தால் பற்சக்கரத்தையும் பேரிங்கையும் மாற்றும் செலவை விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள்.

மூன்று சென்டிமீட்டர் கம்பி

பழைய விளையாட்டுக் கார்களில் ரிமோட்டிலிருந்து ஒரு நீண்ட கம்பி வெளியே இழுபடும். இப்போதைய கார்களில் அது இல்லை. ஏன்?

அந்தக் கார்கள் பெரும்பாலும் 27 மெகாஹெர்ட்ஸ் அலைவெண்ணில் இயங்கின. ஒளியின் வேகத்தை அலைவெண்ணால் வகுத்துப் பாருங்கள்: அலைநீளம் ஏறத்தாழ 11 மீட்டர். இப்போதைய கார்கள் 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குகின்றன. அலைநீளம் 12.5 சென்டிமீட்டர்தான். அலைவாங்கிக் கம்பி அலைநீளத்தில் கால் பங்கு இருந்தால் நன்றாக வேலை செய்யும். 12.5ஐ நான்கால் வகுத்தால் 3.1 சென்டிமீட்டர். உங்கள் காரின் ரிசீவரிலிருந்து வரும் மெல்லிய கம்பியின் நுனியில் உறை நீக்கிய பகுதியை அளவுகோலால் அளந்து பாருங்கள். அது ஏன் அந்த நீளம் என்று இப்போது தெரியும். அழகுக்காக அதை வெட்டிவிடாதீர்கள்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. 27 மெகாஹெர்ட்ஸில் இருவர் ஒரே அலைவரிசையில் ஓட்டினால் உங்கள் ரிமோட் பக்கத்து வீட்டுக் காரையும் திருப்பும். இப்போதைய பல ரேடியோக்கள் ஒரு விநாடிக்குள் பலமுறை அலைவெண் மாறித் தாவுகின்றன. எந்த வரிசையில் தாவுவது என்பது ஜோடி சேர்ந்த ரிமோட்டுக்கும் ரிசீவருக்கும் மட்டுமே தெரியும். இந்தத் தாவல் எண்ணத்திற்கு 1942இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றவர்களில் ஒருவர் ஹெடி லமார் என்ற திரைப்பட நடிகை. மற்றவர் ஜார்ஜ் ஆந்தைல் என்ற இசையமைப்பாளர். நீருக்கடியில் பாயும் ஏவுகணையை எதிரி குழப்பாமல் இருக்க அவர்கள் யோசித்தது. பியானோவில் இருப்பதுபோல 88 அலைவெண்கள்.

60 கிலோமீட்டர் என்றால் எவ்வளவு உயரம்?

வேகத்திற்கு வருவோம். பெட்டியில் எழுதியிருப்பதை நம்பவும் வேண்டாம், பொய் என்று ஒதுக்கவும் வேண்டாம். அளந்து பாருங்கள். அளவு நாடாவால் தரையில் 10 மீட்டர் குறித்து, இரண்டு முனைகளிலும் ஒரு போத்தலை வையுங்கள். இரண்டும் திரையில் தெரியும்படி கைப்பேசியைத் தள்ளி, பாதைக்கு நேர்ப் பக்கவாட்டில் நிறுத்திப் படம் பிடியுங்கள். காணொளி விநாடிக்கு 30 சட்டகம் என்றால், கார் முதல் போத்தலிலிருந்து இரண்டாவதற்குப் போக எத்தனை சட்டகம் ஆகிறது என்று எண்ணுங்கள். 27 சட்டகம் என்றால் 0.9 விநாடி. 10ஐ 0.9ஆல் வகுத்தால் விநாடிக்கு 11.1 மீட்டர், அதாவது மணிக்கு 40 கிலோமீட்டர். ஒரு சட்டகம் தவறாக எண்ணிவிட்டால் விடை 38.6 அல்லது 41.5 ஆகும். ஆகவே ஒருமுறை அளந்து நண்பனிடம் பெருமை பேசாதீர்கள். ஐந்து முறை அளந்து சராசரி எடுங்கள்.

இப்போது அந்த வேகத்தின் விலையைப் பார்ப்போம். காரின் நிறை ஒரு கிலோகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 20 கிலோமீட்டரில் அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 15 ஜூல். 40 கிலோமீட்டரில் 62 ஜூல். வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகிறது. 60 கிலோமீட்டரில் 139 ஜூல்.

எண் மட்டும் சொன்னால் மனத்தில் பதியாது. அதே ஆற்றலை உயரமாக மாற்றிப் பாருங்கள். 20 கிலோமீட்டரில் நடைபாதை விளிம்பில் மோதுவது, காரை 1.6 மீட்டர் உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் போடுவதற்குச் சமம். ஏறத்தாழ உங்கள் உயரம் எனலாம். 40 என்றால் 6.3 மீட்டர். 60 என்றால் 14 மீட்டர். அடுக்குமாடியின் ஐந்தாம் மாடியிலிருந்து போடுவது போல. உங்கள் அங்பாவ் பணத்தை ஐந்தாம் மாடியிலிருந்து போடுவீர்களா?

அந்தக் கார் ஒருவரின் கணுக்காலில் மோதினாலும் இதே கணக்குதான். தாமான் சாலையில் ஓட்டாதீர்கள். சிறுபிள்ளைகள் விளையாடும் இடத்தில் ஓட்டாதீர்கள். அனுமதி பெற்று, ஞாயிற்றுக்கிழமை காலியாக இருக்கும் பள்ளி வாகன நிறுத்துமிடமோ கூடைப்பந்துத் திடலோ போதும்.

எதை முதலில் மாற்றுவது?

மாணவர்களைக் கேட்டால் எல்லாரும் ஒரே பதில்தான் சொல்கிறார்கள்: மோட்டார். நான் அதைக் கடைசியில் வைக்கிறேன். காரணம் மேலே உள்ள கணக்கு. மோட்டார் தரும் விசை பற்சக்கரம், அச்சு, மூட்டு, டயர் என்று ஒவ்வொன்றாகக் கடந்து தரைக்குப் போகிறது. ஒன்றை மட்டும் பலப்படுத்தினால் அடுத்து எது பலவீனமோ அது உடையும்.

முதல் இரண்டு வாரம் எதையும் மாற்றாமல் ஓட்டுங்கள். எது உடைகிறது என்று காரே சொல்லும். அந்த இரண்டு வாரத்தில் வாங்க வேண்டியது நல்ல திருப்புளிகள் மட்டும். திருகின் தலைக்குச் சரியான அளவில் இல்லாத திருப்புளியால் திருகின் தலை வழுக்கிவிட்டால், ஒரு ரிங்கிட் பாகத்தை மாற்ற அரை நாள் போராட வேண்டும். உலோகத்தில் இறங்கும் திருகுகள் அதிர்வில் தளரும். மோட்டாரைப் பிடிக்கும் திருகுகள் குறிப்பாக. அவற்றுக்குத் திருகுப் பசை ஒரு சொட்டு விடலாம். பிளாஸ்டிக்கில் இறங்கும் திருகுக்கு அதை விடாதீர்கள், சில பிளாஸ்டிக்குகள் அதில் வெடித்துவிடும்.

அடுத்தது பேரிங். மலிவான கார்களில், சில நல்ல தொகுப்புகளிலும்கூட, அச்சு சுழலும் இடத்தில் வெறும் பிளாஸ்டிக் வளையம் இருக்கும். அச்சு அதன்மேல் தேய்ந்துகொண்டே சுழல்கிறது. அதை எடுத்துவிட்டுக் குண்டு பேரிங் போட்டால் சறுக்கு உராய்வு போய் உருளும் உராய்வு மட்டும் இருக்கும். மாற்றுவதற்கு முன் மோட்டாரைக் கழற்றிவிட்டு, சக்கரத்தை விரலால் ஒரு சுண்டு சுண்டி எத்தனை விநாடி சுற்றுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மாற்றிய பின் மீண்டும் அதே போல் செய்யுங்கள். கொடுத்த பணத்திற்கு என்ன கிடைத்தது என்று கண்ணாலேயே தெரியும்.

பிறகு டயர். கெட்டிப் பிளாஸ்டிக் டயர் தார் தரையில் வழுக்கும். மோட்டார் எவ்வளவு சுற்றினாலும் உராய்வு அனுமதிக்கும் அளவுக்குமேல் விசை தரைக்குப் போகாது. மென்மையான ரப்பர் டயர் மாட்டிய அன்று பலர், "மோட்டாரை மாற்றினாயா?" என்று கேட்பார்கள்.

அதிர்வுதாங்கிகளில் எண்ணெய் நிரப்பியவை நல்லவை. வெறும் சுருள்வில் மட்டும் இருந்தால், ஒரு மேட்டில் ஏறிய கார் பந்துபோல் துள்ளிக்கொண்டே போகும். எண்ணெய் அந்தத் துள்ளலின் ஆற்றலை வெப்பமாக மாற்றிவிடுகிறது.

அலுமினியக் கைகளைப் பற்றி ஒரு வார்த்தை. நீலமும் சிவப்புமாகப் பார்க்க அழகாக இருக்கும். நான் வாங்கச் சொல்வதில்லை. நான்காம் படிவத்தில் கணத்தாக்கு படிக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்: மோதும் நேரம் நீண்டால் விசை குறையும். பிளாஸ்டிக் கை வளைந்து அந்த நேரத்தை நீட்டுகிறது, மிஞ்சினால் உடைகிறது. அலுமினியம் வளையாமல் விசையை அப்படியே உள்ளே அனுப்பும். உடைவது அதைவிட விலையான பாகமாக இருக்கும். பற்சக்கரத்தை மட்டும் உலோகமாக மாற்றுவதை ஏற்றுக்கொள்வேன். மாட்டும்போது இரண்டு பற்சக்கரங்களுக்கும் நடுவே ஒரு துண்டுத் தாளைக் கொடுத்து இறுக்கி, பிறகு தாளைச் சுழற்றி எடுங்கள். அந்தத் தாளின் தடிமன்தான் பற்களுக்கு வேண்டிய இடைவெளி.

மோட்டாரில் மாட்டியிருக்கும் சிறிய பற்சக்கரத்தை மாற்றியும் வேகம் கூட்டலாம். பெரியதில் 60 பற்கள், சிறியதில் 20 என்றால் விகிதம் 3. சிறியதை 24 பற்களாக்கினால் விகிதம் 2.5. அதே மோட்டார், அதே மின்கலம், வேகம் 20 விழுக்காடு கூடும் என்று கணக்கு சொல்கிறது. இலவசமாகவா? இல்லை. சக்கரத்திற்குக் கிடைக்கும் திருப்புவிசை ஆறில் ஒரு பங்கு குறைகிறது. மோட்டார் கூடுதல் மின்னோட்டம் இழுத்துச் சூடாகிறது. ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்தி, மோட்டாருக்கு மிக அருகில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொட்டு விரலை வைத்திருக்க முடியாத சூடு என்றால் பழைய பற்சக்கரத்துக்கே திரும்புங்கள். நம் ஊர் மதிய வெயிலில் இதை இரண்டு முறை யோசியுங்கள்.

மின்கலம்: இங்கே மட்டும் அவசரம் கூடாது

இந்தப் பகுதியைப் பெற்றோருக்கும் படித்துக் காட்டுங்கள்.

இந்த ரகக் கார்களில் பெரும்பாலும் லித்தியம் மின்கலம்தான் வருகிறது. ஓர் அறையின் சராசரி மின்னழுத்தம் 3.7 வோல்ட். 7.4 என்று எழுதியிருந்தால் உள்ளே இரண்டு அறைகள். முழுதாக மின்னேற்றினால் ஓர் அறை 4.2 வோல்ட், 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கெடத் தொடங்கும். நீண்ட நாள் ஓட்டப்போவதில்லை என்றால் 3.8 வோல்ட்டில் வைப்பது நல்லது.

மின்கலத்தின்மேல் 1500 என்றும் 25சி என்றும் இருக்கிறதா? 1500 மில்லி ஆம்பியர்-மணி என்றால் 1.5 ஆம்பியர்-மணி. கார் சராசரியாக 7.5 ஆம்பியர் இழுத்தால் 12 நிமிடம் ஓடும். சி என்பது மின்கலம் எவ்வளவு வேகமாகக் கொடுக்க முடியும் என்பதன் மடங்கு: 25ஐ 1.5ஆல் பெருக்கினால் 37.5 ஆம்பியர். இது கொடுப்பதற்கு. மின்னேற்றும்போது ஒரு மடங்கு, அதாவது 1.5 ஆம்பியருக்குமேல் போகாமல் இருப்பது பாதுகாப்பு.

நானே ஒருமுறை தவறு செய்தேன். முழுதாக மின்னேற்றிய மின்கலத்தைக் காரின் பின்பெட்டியில் மறந்துவிட்டேன். நாள் முழுக்க வெயில். மறுநாள் எடுத்தபோது அது தலையணைபோல் உப்பியிருந்தது. உள்ளே வாயு. அதை மீண்டும் மின்னேற்றியிருந்தால் தீப்பிடித்திருக்கலாம். உப்பிய மின்கலத்தைக் குத்தாதீர்கள், அழுத்தாதீர்கள், வீட்டுக் குப்பையில் போடாதீர்கள். மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

மின்னேற்றும்போது மெத்தைமேல் வேண்டாம். ஓடு பதித்த தரையில், அருகே துணியும் தாளும் இல்லாத இடத்தில் வையுங்கள். மின்னேற்றிவிட்டுத் தூங்கப் போவதோ டியூஷனுக்குப் போவதோ கூடாது. ஓடி முடிந்து சூடாக இருக்கும் மின்கலத்தை உடனே மின்னேற்றாதீர்கள், ஆறட்டும். மின்கலத்திலிருந்து வரும் மெல்லிய கம்பிகளின் வெள்ளை இணைப்பு, இரண்டு அறைகளையும் சமமாக ஏற்றுவதற்கானது. அதைப் பயன்படுத்தும் மின்னேற்றியையே வாங்குங்கள். புகை வந்தால் கையால் எடுக்க முயலாமல் விலகி, பெரியவர்களை அழைத்து, 999க்குச் சொல்லுங்கள்.

மூன்று அறை மின்கலம் போட்டால் கார் பறக்கும் என்று நண்பர்கள் சொல்வார்கள். 7.4 வோல்ட் 11.1 ஆகிறது, வேகம் ஒன்றரை மடங்கு, மோதும் ஆற்றல் 2.25 மடங்கு. அதைத் தாங்கும் என்று வேகக் கட்டுப்பாட்டுப் பலகையில் எழுதியிருந்தால் ஒழிய அதைத் தொடாதீர்கள். முதல் முடுக்கத்திலேயே கருகிய வாசனை வரும்.

மோட்டார், இறுதியாக

மலிவான கார்களில் இருப்பது கார்பன் தூரிகை உள்ள மோட்டார். நடுவில் கம்பிச் சுருள் சுழல்கிறது. தூரிகைகள் அதன்மேல் உரசி மின்னோட்டத்தைத் திசைமாற்றிக் கொடுக்கின்றன. உரசுவதால் தேய்கின்றன. தூரிகையற்ற மோட்டாரில் இது தலைகீழ்: கம்பிச் சுருள் அசையாமல் நிற்க, காந்தம் சுழல்கிறது. திசைமாற்றும் வேலையை மின்னணுப் பலகை செய்கிறது. தேய்வதற்கு அங்கே தூரிகை இல்லை, வீணாகும் ஆற்றலும் குறைவு. அதன்மேல் 3000 கேவி என்று இருந்தால் கிலோவோல்ட் என்று படித்துவிடாதீர்கள். ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்திற்கு 3000 சுற்று என்று பொருள். 7.4 வோல்ட்டில் சுமையின்றி 22,200 சுற்று.

பழையதைக் கழற்றிவிட்டு இதை மாட்ட முடியாது. அதற்கு இரண்டு கம்பி, இதற்கு மூன்று. வேகக் கட்டுப்பாட்டுப் பலகையையும் மாற்ற வேண்டும். பல மலிவுக் கார்களில் அந்தப் பலகையும் ரிசீவரும் ஒன்றாகவே இருக்கும். அப்படியானால் ரிசீவரும் ரிமோட்டும் புதிதாக வேண்டும். திருப்பும் சர்வோவில் ஐந்து கம்பிகள் இருந்தால் அதுவும் போச்சு, ஏனெனில் பொதுவாகக் கடையில் கிடைப்பது மூன்று கம்பி சர்வோ. கூட்டிப் பாருங்கள். சில நேரம் தூரிகையற்ற மோட்டாரோடு வரும் கார் ஒன்றையே வாங்கிவிடலாம். காரை வாங்கும் முன்பே சர்வோவின் கம்பிகளை எண்ணச் சொல்வது இதனால்தான்.

அந்த மாணவன் பொறுமையாகச் சீனப் புத்தாண்டு வரை காத்திருந்தான். பக்கத்து வீட்டு அங்பாவும் சேர்ந்தது. இம்முறை உதிரிப் பாகம் கிடைக்கிற பழைய கார் ஒன்றை வாங்கினான். இதன் பெட்டியிலும் 45 என்றுதான் இருந்தது. பள்ளி வாகன நிறுத்துமிடத்தில் அளந்தோம்: 33 சட்டகம், மணிக்கு ஏறத்தாழ 33 கிலோமீட்டர். அடுத்த வாரம் பேரிங் மாற்றிக்கொண்டு வந்தான். 31 சட்டகம். "35 ஆகிவிட்டது டீச்சர்!" என்று குதித்தான். எண்ணும்போதே ஒரு சட்டகம் பிசகலாமே, போன வாரம் மின்கலம் முழுதாக ஏறியிருந்ததா, இன்று எப்படி என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தான். மின்கலத்தை முழுதாக ஏற்றி, பழைய வளையங்களோடு ஐந்து முறை, புதிய பேரிங்கோடு ஐந்து முறை ஓட்டுவது என்று முடிவெடுத்தான். மீண்டும் கழற்ற உட்கார்ந்தபோது மழை வந்துவிட்டது. காரைத் துடைத்து, பேரிங் துருப்பிடிக்காமல் இருக்க ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, வகுப்பலமாரியின் மேல் வைத்திருக்கிறோம். அட்டவணையில் பத்துக் கட்டங்கள் இன்னும் காலியாக இருக்கின்றன.